மெய்நிகர் நோயாளியும் மெய்யான நோயாளியும்

மருத்துவக் கல்வியைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசப்படுகின்றது. ஆயினும் அக்கல்வியின் அடித்தளத்தில் உள்ள உண்மையொன்றைப் பேசுவதற்குப் பலரும் தயங்குவதே வழக்கம். வைத்தியராவதற்கோ தாதியாவதற்கோ படிக்கின்ற ஒவ்வொருவருக்கும், தமது வாழ்வில் முதன்முதலாக ஊசியைக் கையில் எடுக்கும் நாளொன்று வந்தே தீரும். அந்த முதல் ஊசி யாரோ ஒருவரின் உடலில்தான் ஏறுகின்றது. அந்த யாரோ ஒருவர் பெரும்பாலும் ஏழையாகவே இருக்கின்றார் என்பதே அந்த உண்மையாகும்.

பணம் படைத்தவர் தனியார் வைத்தியசாலைக்குச் சென்று அனுபவம் முதிர்ந்த நிபுணரிடம் சிகிச்சை பெற்றுக்கொள்கின்றார். அரசாங்கத்தின் போதனா வைத்தியசாலை விடுதியில் கட்டிலின்றித் தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைச் சுற்றித்தான் மாணவர்கள் நிற்கின்றனர். இதனைக் குறையாக நாம் கூறவில்லை. போதனா வைத்தியசாலைகள் இல்லையேல் நாளைய வைத்தியர்கள் இல்லை. எமது நாட்டின் இலவச சுகாதார சேவை ஈட்டியுள்ள நற்பெயருக்கு அங்கு பயிற்றப்பட்டவர்களே காரணம் என்பதையும் மறுப்பதற்கில்லை. எனினும், கற்பவரின் முதற் பிழைகள் உயிருள்ள ஓர் உடலின் மீதுதான் நிகழ வேண்டுமா என்ற கேள்வி தட்டிக்கழிக்கக்கூடியதல்ல.

இக்கேள்விக்கு உலகம் இன்று அளித்துவரும் விடைகளுள் ஆகப் புதியதே 'வேர்ச்சுவல் றியாலிட்டி' எனப்படும் மெய்நிகர் யதார்த்தம். இது என்ன, இதனால் இதுவரை நிரூபிக்கப்பட்டது எது, எமது நிலைமைகளுக்கு இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பனவற்றை வாசகர்களுக்கு விளக்க வேண்டியது அவசியமாகின்றது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நோயாளியைத் தொடுவதற்கு முன்னர் வேறொன்றின் மீது பழகிக்கொள்ள வேண்டும் என்ற சிந்தனை மேற்குலகம் நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. பண்டைய சத்திரசிகிச்சை நூலான சுஸ்ருத சம்ஹிதை இதற்கென்றே ஓர் அத்தியாயத்தை ஒதுக்கியுள்ளது. கீறுதலைப் பூசணி, சுரைக்காய், வெள்ளரிக்காய் போன்றவற்றிலும், நாளங்களைத் துளைத்தலை இறந்த விலங்குகளின் நாளங்களிலும் தாமரைத் தண்டிலும், தையலிடுதலைத் துணியிலும் மெல்லிய தோலிலும், கட்டுப்போடுதலை மனித உருவில் செய்யப்பட்ட பொம்மையிலும் மாணவன் பழக வேண்டும் என அது விதிக்கின்றது. எத்துணை நூல்களைக் கற்றிருப்பினும் இப்பழக்கம் இல்லாதவன் சிகிச்சைக்குத் தகுதியற்றவன் என்பதே அதன் நிலைப்பாடு.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிரான்சிலும் இதே சிந்தனை செயல்வடிவம் பெற்றது. பிரசவத்தின்போது தாய்மாரும் சிசுக்களும் பெருமளவில் மாண்டு வந்ததைக் கண்ட மன்னர் பதினைந்தாம் லூயி, அஞ்ஜெலிக் டு கூட்ரே என்ற மருத்துவிச்சியை 1759இல் நாடெங்கும் சென்று பயிற்சியளிக்குமாறு பணித்தார். துணி, தோல் முதலியவற்றால் கர்ப்பிணித் தாயின் இடுப்புப் பகுதியையும் சிசுவையும் ஒத்த உருவொன்றை அவர் அமைத்தார். எழுத்தறியாத கிராமத்துப் பெண்களுக்கும் அதனைக் கொண்டே பிரசவம் பார்க்கக் கற்பித்தார். இவ்வாறு பயிற்சி பெற்றவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவ்வுருக்களில் ஒன்று ரூவான் நகரிலுள்ள நூதனசாலையில் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகின்றது.

கடந்த நூற்றாண்டில் இம்முயற்சி வேகம் கொண்டது. 1911இல் அமெரிக்காவின் ஹாட்ஃபோர்ட் நகரத் தாதியர் பயிற்சிக்கென ஆளுயரப் பொம்மை ஒன்று தயாரிக்கப்பட்டது. 1960இல் நோர்வேயைச் சேர்ந்த பொம்மைத் தயாரிப்பாளரான ஓஸ்முண்ட் லேர்டால், நின்றுபோன சுவாசத்தையும் இதயத்தையும் மீட்கும் முறையைப் பழகுவதற்கென 'ரிசஸி ஆன்' என்ற பொம்மையை உருவாக்கினார். இன்று உலகெங்கும் முதலுதவி வகுப்புகளில் காணப்படுவது அதன் வழிவந்த பொம்மைகளே. 1960களின் பிற்பகுதியில் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மயக்க மருந்துப் பயிற்சிக்கெனக் கணினியால் இயங்கும் பொம்மையும், மியாமி பல்கலைக்கழகத்தில் இதய நோய்களின் ஒலிகளை எழுப்பிக்காட்டும் 'ஹார்வி' என்ற பொம்மையும் தோன்றின.

இத்துறை விமானப் போக்குவரத்துத் துறையிடம் பெரிதும் கடன்பட்டுள்ளது. எட்வின் லிங்க் என்பவர் அமைத்த, தரையில் நின்றபடியே விமானம் ஓட்டப் பழகும் கருவியை 1934ஆம் ஆண்டுவரை அமெரிக்க இராணுவம் பொருட்படுத்தவில்லை. அவ்வாண்டில் தபால் பொதிகளை ஏற்றிச்சென்ற இராணுவ விமானிகள் பலர் மோசமான காலநிலையில் அடுத்தடுத்து விபத்துக்குள்ளாகி மாண்ட பின்னரே அக்கருவியை அது கொள்வனவு செய்தது. விமானி தவறிழைத்தால் அவரும் சேர்ந்தே மடிகின்றார். வைத்தியர் தவறிழைத்தால் மடிவது நோயாளி மாத்திரமே. மருத்துவ உலகம் இவ்விடயத்தில் விமானத்துறையிலும் பல தசாப்தங்கள் பிந்தியமைக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என எண்ணத் தோன்றுகின்றது.

அவ்வுலகை விழிப்படையச் செய்தது, 'தவறுவது மனித இயல்பு' என்ற பொருள்படும் தலைப்பில் அமெரிக்க மருத்துவ நிறுவகம் 1999இல் வெளியிட்ட அறிக்கையாகும். அமெரிக்க வைத்தியசாலைகளில் மருத்துவத் தவறுகளால் ஆண்டொன்றுக்கு 44,000 முதல் 98,000 வரையிலானோர் உயிரிழக்கின்றனர் என அது மதிப்பிட்டது. இவ்வெண்ணிக்கை பற்றிப் பின்னர் வாதப்பிரதிவாதங்கள் எழுந்தபோதிலும், தவறுகளைத் தனிமனிதரின் குற்றமாக மாத்திரம் நோக்காது பயிற்சி முறையின் குறையாகவும் நோக்க வேண்டும் என்ற அதன் செய்தி நிலைத்து நின்றது. ஒப்புருவாக்கப் பயிற்சி உலகளாவிய ரீதியில் பரவத் தொடங்கியது இதன் பின்னணியிலேயே.

இனி, மெய்நிகர் யதார்த்தம் செயற்படும் விதத்தை நோக்குவோம். கண்களை முற்றாக மூடும் ஒரு கருவியைப் பயிலுநர் தலையில் அணிந்துகொள்கின்றார். அதனுள் இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரு காட்சிகள் காட்டப்படுகின்றன. மூளை அவற்றை ஒன்றிணைத்து ஆழமுள்ள ஓர் உலகாகக் காண்கின்றது. தலை திரும்பும் திசையைக் கருவி கணத்துக்குக் கணம் கண்டறிந்து காட்சியையும் அதற்கேற்ப மாற்றுகின்றது. இம்மாற்றம் சிறிது தாமதித்தாலும் தலைச்சுற்றலும் குமட்டலும் ஏற்படும். கைகளில் பிடித்துள்ள கருவிகளின் அசைவுகள், காட்சியில் தோன்றும் கைகளின் அசைவுகளாகின்றன. இவ்வாறாக, வெறும் வகுப்பறையில் நிற்கும் மாணவி ஒருவர் அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்பதாக உணர்கின்றார். இத்தகைய முதற் கருவிகளுள் ஒன்றைக் கணினி விஞ்ஞானியான ஐவன் சதர்லாந்து 1968இலேயே அமைத்துவிட்டார். எனினும் சாதாரண கல்வி நிறுவனங்களும் வாங்கக்கூடிய விலைக்கு இது வந்து சேர்ந்தது 2016ஆம் ஆண்டிற்குப் பின்னரே. 2024இல் சந்தைக்கு வந்த ஒரு கருவியின் விலை அமெரிக்காவில் 300 டொலர் அளவிலேயே இருந்தது.

மருத்துவத்தில் இதன் பயன் முதலில் நிலைநாட்டப்பட்டது, சிறு துவாரங்களின் ஊடாகச் செய்யப்படும் சத்திரசிகிச்சையிலாகும். அதற்குக் காரணம் எளிது. இச்சத்திரசிகிச்சையில் வைத்தியர் வயிற்றினுள் நேரடியாகப் பார்ப்பதில்லை. உள்ளே செலுத்தப்பட்ட கமரா அனுப்பும் காட்சியைத் திரையில் பார்த்தபடியே நீண்ட கருவிகளை இயக்குகின்றார். வயிற்றுச் சுவர் ஒரு நெம்புகோலின் ஆதாரப் புள்ளியைப் போலாகிவிடுவதால், கை வலப்புறம் சென்றால் கருவியின் முனை இடப்புறம் செல்கின்றது. இவ்வினோதத்திற்குக் கையும் கண்ணும் பழக வேண்டும். உண்மையான சத்திரசிகிச்சையே திரையைப் பார்த்துச் செய்யப்படுவதால், கணினி அதனை ஒப்புருவாக்குவதும் இலகுவாயிற்று.

2002இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்று இத்துறையில் ஒரு மைல்கல்லாகக் கருதப்படுகின்றது. சத்திரசிகிச்சைப் பயிற்சி பெறும் 16 வைத்தியர்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினருக்குக் கணினியில் மெய்நிகர் பயிற்சி அளிக்கப்பட்டது. மற்றைய குழுவினர் வழமையான பயிற்சியை மாத்திரம் பெற்றனர். பின்னர் இரு குழுவினரும் உண்மையான நோயாளிகளில் பித்தப்பையைப் பிரித்தெடுத்தபோது, மெய்நிகர் பயிற்சி பெற்றவர்கள் 29 சதவீதம் விரைவாகச் செயற்பட்டனர். அவர்கள் இழைத்த பிழைகள் சராசரியாக ஆறில் ஒரு பங்காகவே இருந்தன. பயிற்சி பெறாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ அயலிலுள்ள இழையத்தைச் சுடவோ ஐந்து மடங்கு வாய்ப்பிருந்தது.

2009இல் டென்மார்க்கில் 24 பயிலுநர்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வும் இதனை உறுதிசெய்தது. பலோப்பியன் குழாய் தொடர்பான சத்திரசிகிச்சையில், மெய்நிகர் பயிற்சியை முடித்தவர்கள் ஏற்கனவே 20 முதல் 50 வரையிலான சத்திரசிகிச்சைகளைச் செய்தவர்களுக்கு ஒப்பான திறனைத் தமது முதல் நோயாளியிலேயே வெளிப்படுத்தினர். சத்திரசிகிச்சைக்குச் செலவான நேரம் ஏனையோருக்கு 24 நிமிடங்களாக இருக்க, இவர்களுக்கு 12 நிமிடங்களே ஆயிற்று. அதாவது, கற்றலின் ஆரம்ப காலத் தடுமாற்றங்களில் பெரும் பகுதி நோயாளியின் உடலில் இருந்து கணினிக்கு இடம்மாற்றப்பட்டது. இவ்வாய்வுகளின் சாராம்சம் இதுதான்.

தலையில் அணியும் கருவிகளின் வருகையோடு இப்பயிற்சி சத்திரசிகிச்சைக் கூடத்தைக் கடந்தும் விரிந்துள்ளது. பிரசவத்தின் பின் கட்டுக்கடங்காது குருதி வெளியேறும் தாய், மருந்தொன்றின் ஒவ்வாமையால் திடீரென மூச்சுத் திணறும் இளைஞர், குருதியில் கிருமித் தொற்றுப் பரவி நிலைமை மோசமடைந்துவரும் முதியவர் எனப் பல நோயாளிகளை மாணவர் எதிர்கொள்ளலாம். இவை உண்மையான விடுதியில் மாணவர் விரும்பும் நாளில் நிகழ்வனவல்ல. நிகழும்போது மாணவரை ஒதுங்கி நிற்குமாறே கூறுவர். ஆகவே, மிக ஆபத்தான நிலைமைகளே மிகக் குறைவாகப் பழகப்படும் நிலைமைகளாகவும் உள்ளன. மெய்நிகர் நோயாளியிடம் ஒரே நெருக்கடியைப் பத்து முறை சந்திக்கலாம். எந்தக் கணத்தில் எதனைக் கவனிக்கத் தவறினோம் என்பதையும் மீட்டுப் பார்க்கலாம்.

இத்தனை நன்மைகளையும் கூறிவிட்டு மறுபக்கத்தைக் கூறாது விடுவது நேர்மையாகாது. 2019இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, சுகாதாரத் துறை மாணவர்களிடையே நடத்தப்பட்ட 31 ஆய்வுகளைச் சீர்தூக்கிப் பார்த்தது. மெய்நிகர் பயிற்சி அறிவையும் திறனையும் வளர்க்கின்றது என அது கண்டபோதிலும், அந்த முன்னேற்றம் மாயாஜாலமான ஒன்றல்ல என்பதும் அதில் வெளிப்பட்டது. அதே ஆண்டில் வெளியான இன்னோர் ஆய்வில், விஞ்ஞான ஆய்வுகூடப் பாடமொன்றைத் தலையில் கருவி அணிந்து கற்ற மாணவர்கள் தாம் அங்கேயே இருப்பதாக அதிகம் உணர்ந்தனர். ஆயினும் சாதாரணக் கணினித் திரையில் அதே பாடத்தைக் கற்றவர்களை விடக் குறைவாகவே கற்றிருந்தனர். கண்ணைக் கவரும் காட்சி கருத்தைச் சிதறடிக்கவும் கூடும் என்பதற்கு இது சான்று. பிரமிப்பு வேறு, பயிற்சி வேறு.

மேலும், தொடுகை என்பது இன்றும் இக்கருவிகளால் முழுமையாக எட்டப்படாத ஒன்றாகவே உள்ளது. நாடியைத் தொட்டறிதல், வயிற்றை அழுத்தி ஈரலின் விளிம்பை விரல் நுனியால் உணர்தல், ஊசி நாளத்தினுள் புகும் அக்கணத்தில் ஏற்படும் மெல்லிய தளர்வை அறிதல் ஆகியன கையால் மாத்திரமே கற்கத்தக்கவை. இவற்றுக்குக் கணினியை விட மலிவான இறப்பர்க் கையும் பொம்மையும் சிறந்தவை. அத்துடன், நோயாளியின் அச்சம், வெட்கம், உறவினரின் கண்ணீர், தனது வலியைச் சொற்களில் சொல்லத் தெரியாத முதியவரின் மௌனம் ஆகியவற்றின் முன்னே எவ்வாறு நடந்துகொள்வது என்பதை உண்மையான மனிதரே கற்பிக்க முடியும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒப்புருவாக்கப் பயிற்சி குறித்த 109 ஆய்வுகளைத் தொகுத்து 2005இல் வெளியான புகழ்பெற்ற மீளாய்வொன்று சுட்டிக்காட்டிய முக்கிய அம்சம் ஒன்றுண்டு. பயிற்சியைப் பயனுள்ளதாக்கும் காரணிகளுள் முதன்மையானது பயிலுநருக்கு வழங்கப்படும் பின்னூட்டமாகும். பயிற்சி முடிந்ததும் அனுபவமிக்க ஆசிரியர் மாணவருடன் அமர்ந்து, நடந்தவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வதிலேயே கற்றல் நிகழ்கின்றது. எனவே, ஆசிரியருக்குப் பதிலாகக் கருவியை வாங்கிவிடலாம் என எவராவது எண்ணுவாராயின் அது வீண் கனவாகும்.

இவ்விடத்தில்தான் எமது நாட்டின் நிலைமையைக் கவலையுடன் நோக்க வேண்டியுள்ளது. 2020இல் கொவிட் தொற்றுக் காரணமாகப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது மாணவர்கள் நோயாளியின் கட்டிலருகே செல்லும் வாய்ப்பை நீண்ட காலம் இழந்தனர். 2022இல் பொருளாதார நெருக்கடி தாக்கியபோது மருந்துத் தட்டுப்பாட்டினால் பேராதனை போதனா வைத்தியசாலையில் திட்டமிடப்பட்டிருந்த சத்திரசிகிச்சைகளே இடைநிறுத்தப்பட்டன. சத்திரசிகிச்சை நின்றால் அதனை அருகிருந்து கற்பதும் நின்றுவிடுகின்றது. அந்நெருக்கடியைத் தொடர்ந்து வைத்தியர்களும் தாதியரும் பெருந்தொகையில் நாட்டைவிட்டு வெளியேறினர். வெளியேறியவர்கள் சிகிச்சையளிப்போர் மாத்திரமல்லர். அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்க வேண்டியவர்களும் அவர்களே. மாணவர் தொகை பெருக, கற்பிப்போர் தொகை சுருங்கும் இந்நிலையில் வடக்கு, கிழக்கு, மலையகம் போன்ற பிரதேசங்களின் வைத்தியசாலைகளே அதிகம் பாதிக்கப்படும் என்பதைக் கூறவும் வேண்டுமா?

ஆகவே, மெய்நிகர் பயிற்சி எமக்கு ஆடம்பரம் என ஒதுக்கிவிடுவதற்கில்லை. ஆனால், வெளிநாட்டு மென்பொருளைப் பெட்டியோடு வாங்கி வந்து இறக்குவதும் தீர்வாகாது. அம்மென்பொருட்களில் வரும் நோயாளிகள் அமெரிக்க, ஐரோப்பிய நோயாளிகள். எமது விடுதிகளை நிரப்புவோர் வேறு. 2017இல் இந்நாட்டில் 186,000இற்கும் மேற்பட்டோர் டெங்கு நோய்க்கு ஆளானதாகப் பதிவாகியது. டெங்கு இரத்தப்பெருக்குக் காய்ச்சலில் குருதி நாளங்களில் இருந்து திரவம் கசியும் 24 முதல் 48 மணித்தியாலங்கள் தீர்க்கமானவை. அப்போது வழங்கும் சேலைன் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. மணிக்கு மணி அளவைத் தீர்மானிக்கும் இந்நுட்பத்தை மெய்நிகர் நோயாளியிடம் கற்பது பேருதவியாக அமையும். அவ்வாறே, வயலில் கண்ணாடி விரியன் தீண்டிய விவசாயிக்கு விஷமுறிவு மருந்தை ஏற்றும்போது ஏற்படும் கடும் ஒவ்வாமையைச் சமாளித்தல், கிராமப்புற வைத்தியசாலையில் தனியே கடமையாற்றும் இளம் வைத்தியருக்கு இன்றியமையாதது. டெங்கையும் பாம்புக்கடியையும் நடைமுறையில் கையாள்வதில் எமது நாட்டு வைத்தியர்களுக்கு உள்ள அனுபவம் சாதாரணமானதன்று. அவ்வனுபவத்தைப் பயிற்சிக் காட்சிகளாக மாற்ற வேண்டியவர்களும் அவர்களே.

இன்னொரு விடயம் மொழி. வெளிநாட்டு மெய்நிகர் நோயாளி ஆங்கிலத்தில் பேசுகின்றார். எமது நோயாளி தமிழில் பேசுகின்றார் அல்லது சிங்களத்தில் பேசுகின்றார். நெஞ்சு 'பாரமாக' இருக்கின்றது என்பதற்கும், 'பிடிக்கின்றது' என்பதற்கும், 'பதைக்கின்றது' என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு மொழிபெயர்ப்பில் தொலைந்துவிடும். நோயாளியின் மொழி தெரியாத வைத்தியரும், வைத்தியரின் மொழி தெரியாத நோயாளியும் சைகையால் பேசிக்கொள்ளும் அவலம் எமது வைத்தியசாலைகளுக்குப் புதியதல்ல. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவ மிஷனரியான டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேலைத்தேய மருத்துவத்தைக் கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். கற்றவர் யாருக்குச் சிகிச்சையளிக்கப் போகின்றார் என்பதை அவர் அறிந்திருந்தார். தமிழ் மாணவர் சிங்களம் பேசும் மெய்நிகர் நோயாளியிடமும், சிங்கள மாணவர் தமிழ் பேசும் மெய்நிகர் நோயாளியிடமும் நோய் வரலாற்றைக் கேட்டறியப் பழகுவாராயின், மொழிக் கொள்கை பற்றிய எத்தனையோ சுற்றறிக்கைகள் சாதிக்காததை அது சாதிக்கக்கூடும்.

பழைய அனுபவம் ஒன்றையும் இங்கு நினைவூட்ட விரும்புகின்றோம். நன்கொடையாகக் கிடைத்த விலையுயர்ந்த இயந்திரங்கள் ரிப்பன் வெட்டித் திறந்துவைக்கப்பட்டு, சில மாதங்களின் பின் ஓர் உதிரிப்பாகம் இன்றியோ இயக்கத் தெரிந்தவர் இன்றியோ தூசி படிந்து கிடப்பது எமது நாட்டில் அபூர்வமான காட்சியல்ல. மெய்நிகர் கருவிக்கு விலை குறைவாயினும், மென்பொருளுக்கான வருடாந்தக் கட்டணமும் பராமரிப்பும் தொடர் செலவுகளாகும். இவற்றுக்கு நிதி ஒதுக்காது கருவியை மாத்திரம் வாங்குவது அறிவுடைமையாகாது.

எனவே, சுகாதார அமைச்சும் பல்கலைக்கழகங்களின் மருத்துவ பீடங்களும் சில விடயங்களைக் கவனத்திற்கெடுப்பது அவசியம். முதலாவதாக, ஊசியேற்றல், தையலிடல், இதயத்தை மீட்டல் போன்ற அடிப்படைத் திறன்களுக்கான மலிவான பொம்மைகள் எல்லாத் தாதியர் பயிற்சிக் கல்லூரிகளிலும் போதியளவு இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். இரண்டாவதாக, மெய்நிகர் பயிற்சியை மருத்துவ மாணவர்களுக்கு மாத்திரம் உரியதாக்காது, நோயாளியுடன் அதிக நேரம் செலவிடும் தாதியருக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும் விரிவுபடுத்த வேண்டும். மூன்றாவதாக, ஒவ்வொரு பீடமும் தனித்தனியே செலவிடாது பயிற்சிக் காட்சிகளை இரு மொழிகளிலும் கூட்டாக உருவாக்கிப் பகிர்ந்துகொள்ள வேண்டும். எமது பல்கலைக்கழகங்களின் கணினித்துறை மாணவர்களுக்கு இது நல்லதொரு களமாகும். நான்காவதாக, பின்னூட்டம் வழங்கும் ஆசிரியர்களைப் பயிற்றுவதற்கே முதற் செலவு செய்யப்பட வேண்டும்.

அமெரிக்காவில் தாதியர் கல்வி தொடர்பாக 2014இல் வெளியான ஒரு பாரிய ஆய்வு, தகுந்த ஆசிரியர்களும் வசதிகளும் இருக்குமாயின் விடுதிப் பயிற்சியின் பாதி வரையிலானதை ஒப்புருவாக்கப் பயிற்சியால் ஈடுசெய்யலாம் எனக் கண்டது. மீதிப் பாதி நோயாளியின் அருகிலேயே கற்கப்பட வேண்டும் என்பதும் அதில் அடங்கியுள்ளது. கற்பவர் நோயாளியிடம் செல்வதைத் தடுப்பதல்ல இப்பயிற்சியின் நோக்கம். செல்லும்போது நடுங்காத கையோடும் தெளிந்த மனதோடும் செல்லச் செய்வதே அதன் நோக்கமாகும்.

அரசாங்க வைத்தியசாலையின் விடுதியில் படுத்திருப்பவர் தன்னைத் தொடும் கை எத்தனையாவது முறையாக அவ்வேலையைச் செய்கின்றது என்று கேட்பதில்லை. கேட்கும் உரிமை தனக்கு உண்டு என்பதையே அவர் அறியார். அவர் கேளாத அக்கேள்விக்கு, 'இதற்கு முன்னர் நூறு முறை பழகிய கை' என்ற விடையைத் தயாராக வைத்திருப்பதே அவருக்கு நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதையாகும். இலவச சிகிச்சை என்பதன் பொருள், பிழைகளையும் இலவசமாகப் பெற்றுக்கொள்வது அல்ல என்பதைச் சம்பந்தப்பட்டவர்கள் மனங்கொள்வார்களாக.